கொழுப்பு கடைசியில்தான் வரும்

இதனால் நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவ மாணவியருக்கும், மேடம்களுக்கும், மெஸ் அக்காவுக்கும், வாட்ச்மேன் அண்ணனுக்கும், இவர்கள் எல்லோருக்கும் முன்னால் உனக்கும் அறிவிப்பது யாதெனில்: ஓராண்டுக்கும் மேலாகக் காணாமல்போயிருந்த என் வலது கால் சாக்ஸ், கடந்த திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்குக் கண்டெடுக்கப்பட்டது. கிடந்த இடம், செய்முறை அறையின் இரும்பு பீரோ, கீழ்த்தட்டு. சாக்ஸில் ஏது வலது இடது என்று கேட்காதே. பெருவிரல் பக்கம் ஓட்டை விழுந்திருந்தால் அது வலது. ஒரே ஒரு மாற்றம்தான். போகும்போது சாக்ஸாகப் போனது, திரும்பும்போது மார்பாக வந்திருக்கிறது.

பீரோவைத் துடைக்கச் சொன்னார்கள் என்று போனேன், மாப்ள. பாச்சை உருண்டை வாசத்துக்கு நடுவே, கை ஒடிந்த பிளாஸ்டிக் குழந்தைக்குப் பக்கத்தில், அது உட்கார்ந்திருந்தது. உள்ளே லேப் பஞ்சு. நடுவில் காப்பிக் கலர் ரவிக்கைத் துணியில் வட்டமாக ஒரு ஒட்டு, அதன் மத்தியில் துணி சுற்றிய சட்டைப் பொத்தான். தாய்மார்களிடம் பால் கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது காட்டுவதற்காக நீ செய்தது. ஓட்டையை நீ தைத்திருந்த விதத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு தையலும் ஒரே அளவு. மூக்கருகே கொண்டுபோனேன். பாச்சை உருண்டைக்கு அடியில் டெட்டாலும் பருத்திக்கொட்டையும் மணத்தன. மாட்டுக்கு வைத்துவிட்டுக் கையைக் கழுவாமலே தைத்திருக்கிறாய்.

பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அது என் பைக்குள்ளேயே கிடக்கிறது. திரும்ப வைக்கக் கை வரவில்லை.

ஆண்டு மலரில் உனக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "நீயே எழுது. அழுகாச்சியா வேணாம், சிரிப்பா எழுது. நீதான் நல்லா கலாய்ப்ப" என்றார்கள். கலாய்ப்பேன்தான். ஆனால் கலாய்த்ததும் பக்கத்திலிருந்து "ப்ச்" என்று ஒரு சத்தம் வர வேண்டும். அது வராமல் என் ஜோக் எதுவும் முடிவதில்லை. உன் நம்பர் இருபத்தேழு, என் நம்பர் இருபத்தெட்டு. இப்போதும் மேடம் வருகைப் பதிவு எடுக்கும்போது இருபத்தாறுக்கு அப்புறம் ஒரு மூச்சு நேரம் நிற்கிறார். அந்த ஒரு மூச்சில் நீ "எஸ் மேடம்" என்று சொல்லி முடித்துவிடுகிறாய். பிறகுதான் நான் சொல்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

முதல் வருஷத்துப் பரீட்சையிலிருந்து தொடங்குகிறேன். ஊட்டச்சத்துப் பாடம். சிறுகுறிப்பு வரைக: கொலஸ்ட்ரம். ஐந்து மதிப்பெண். பிள்ளை பெற்றதும் முதலில் சுரக்கும் சீம்பாலுக்குத்தான் அந்தப் பெயர். மறுவாரம் மேடம் திருத்திய பேப்பர்களைக் கொடுத்து முடித்தார். ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியைச் சரிசெய்தார்.

"கேளுங்க. 'கொலஸ்ட்ரம் ரத்தக் குழாயில் படியும். அதிகமானால் மாரடைப்பு வரும். குறைக்க வேண்டுமானால் எண்ணெய்ப் பலகாரத்தைத் தவிர்த்து, தினமும் நடக்க வேண்டும்.' ஆக, புள்ள பெத்தவ மொத நாளே ரேஸ்கோர்ஸ்ல வாக்கிங் போகணும்."

வகுப்பு அதிர்ந்தது. கொலஸ்ட்ரம் இருந்த இடத்தில் கொலஸ்ட்ரால். கடைசி இரண்டு எழுத்து மாறியதில் தாய்ப்பால் மாரடைப்பாகிவிட்டது. மேடம் பேப்பரை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "நம்பரப் படிச்சு மானத்த வாங்க மாட்டேன். எழுதுன புண்ணியவான் தானா வந்து எடுத்துக்கட்டும்" என்றார்.

மூன்று வரிசைத் தலைகள் நம் பெஞ்சுப் பக்கம் திரும்பின. அந்த வரிசையில் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவன் நீ ஒருவன்தான். பேரையூர்ப் பள்ளிக்கூடம். நான் கோச்சடை, எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். மேடம் போர்டை அழிக்கத் திரும்பியதும் நீ எழுந்தாய். போய்ப் பேப்பரை எடுத்தாய். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாய்.

மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் உனக்குப் பெயர் வைத்துவிட்டேன். கொழுப்பு. என் வாழ்நாள் படைப்புகளில் தலைசிறந்தது அதுதான். இரண்டு அர்த்தமும் பொருந்த வேண்டாமா என்று ஒரு பிள்ளை கேட்டாள். பொருந்தாமல் போனதுதான் அதில் விசேஷம். மொத்தக் கல்லூரியிலும் கொழுப்பு துளியும் இல்லாத ஒரே ஆள் நீ. கேண்டீனில் வரிசையில் நிற்கும்போது பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியில் வடை தீர்ந்துபோய்த் திரும்புகிறவனுக்குக் "கொழுப்பு" என்று பெயர். சாயங்காலத்துக்குள் வாட்ச்மேன் அண்ணன்கூட "ஏ கொழுப்பு, ஐடி கார்டு எங்க" என்று கேட்டார்.

ஆனால் அதற்குப் பிறகு உனக்கு என்னவோ பிடித்துக்கொண்டது. தாய்ப்பால் பாடம் பையன்களுக்கு ஒப்புக்குத்தான். பிரசவ வார்டுக்கு நம்மை அனுப்ப மாட்டார்கள். நாம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் படம் வரைந்துகொண்டிருப்போம். நீ மட்டும் உள்ளே போய்வரும் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு எழுதுவாய். "மொத நாள் எம்புட்டு வரும்? என்ன கலரு? புள்ள எத்தன தடவ குடிச்சுச்சு?" உனக்கென்னடா இம்புட்டு அக்கறை என்று கேட்டேன். அப்போதுதான் அக்காவின் கதையைச் சொன்னாய்.

உன் அக்காவுக்கு முதல் பிள்ளை பிறந்தபோது நீ பன்னிரண்டாம் வகுப்பு. பிறந்ததும் சேனை வைத்தார்கள். நம் பக்கத்து வழக்கம் அது. சீனித் தண்ணீரை விரலில் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைக்க வேண்டும். யார் வைக்கிறாரோ அவர் குணம் பிள்ளைக்கு வரும். சேனையோடு நிற்கவில்லை. மூன்று நாளைக்குச் சீனித் தண்ணீரே கொடுத்தார்கள். மஞ்சளாக, கெட்டியாக வருகிறது, சீழ் மாதிரி இருக்கிறது என்று சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டினார்கள். பிள்ளைக்கு வயிற்றால் போய், சுருண்டு, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிப் பிழைக்க வைத்தார்கள்.

"எங்க தொழுவத்துல கன்னு விழுந்தா, அது சீம்பால் குடிக்காம எங்கப்பா பச்சத் தண்ணி குடிக்க மாட்டாரு" என்றாய். "கன்னுக்குத் தெரிஞ்ச நியாயம் அக்கா புள்ளைக்குத் தெரியல. நானும் பாத்துக்கிட்டு நின்னேன் மாப்ள. எனக்கும் அப்பத் தெரியாது. அடுத்த புள்ளைக்கு நான் பக்கத்துல நிப்பேன்."

அதற்காகத்தான் என் சாக்ஸ் போயிற்று. அங்கன்வாடியில் நாம் போட்ட நாடகம் நினைவிருக்கிறதா? நான் தாய். துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டு, ஒடிந்த கைப் பிள்ளையை மடியில் வைத்திருந்தேன். நீ நர்ஸ். எதிரே பத்துப் பன்னிரண்டு தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"பால் நல்லா வருதாம்மா?" என்றாய்.

"பால் எங்க சார் வருது, கொழுப்புதான் வருது" என்றேன் ஒத்திகையில் இல்லாமல். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நீ தடுமாறவில்லை.

"கொழுப்பு கடைசியிலதாம்மா வரும். மொதல்ல வர்ற தண்ணியான பால் தாகத்துக்கு. பின்னால வர்ற கெட்டிப் பால்லதான் கொழுப்பு, அதுதான் பசிக்கு. ரெண்டு நிமிசத்துல மார மாத்திராதீங்க. ஒரு பக்கம் முடிச்சிட்டுத்தான் மறுபக்கம்." பிறகு சாக்ஸைப் பிள்ளையின் வாயருகே வைத்துக் காட்டினாய். "வாய் பெருசா தொறக்கணும். கீழ் உதடு வெளிய மடங்கணும். முழுங்குற சத்தம் காதுல கேக்கணும். மெல்ல, 'க்க', 'க்க'ன்னு."

"ஏன் தம்பி, உனக்கு எத்தன புள்ள?" என்று கேட்டது ஓர் அம்மா. நீ காது வரை சிவந்தாய்.

அதற்கப்புறம் கொஞ்ச மாதம்தான். மழை இல்லை, வேகம் இல்லை, ஹெல்மெட் போட்டிருந்தாய். திருமங்கலத்துக்கு இந்தப் பக்கம், நாலு வழிச் சாலையில், ஒரு மத்தியானம் ஒரு லாரி. அக்காவுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று அன்று காலைதான் சொல்லியிருந்தாய். "இந்தத் தடவ நான் இருக்கேன்ல" என்றாய்.

கண்ணீர் அஞ்சலி பிளக்ஸுக்கு நான்தான் ஆர்டர் கொடுத்தேன். கடைக்காரர் போனில், "பேருக்குக் கீழ வேற எதுவும் போடணுமா தம்பி? எல்லாரும் பட்டப்பேரு போடுறாக" என்றார். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. மறுநாள் உங்கள் பஸ் நிறுத்தத்துச் சுவரில் ஆறடிக்கு நீ சிரித்தாய். உன் பெயர், அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் கொழுப்பு.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றார்கள். "ஏய்யா, எம்புள்ளைக்கு ஏன் அப்படி ஒரு பேரு? அவன் யாரையும் எதுத்துப் பேசுனவன் இல்லையே. அங்கன எதுவும் வம்பு பண்ணானா?"

"அதெல்லாம் இல்லம்மா, சும்மா செல்லமா கூப்புடுறது" என்று சொல்லிவிட்டு வேகமாகப் பஸ் ஏறினேன். திருமங்கலம் தாண்டி வெகுதூரம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. அதன் பிறகு அந்தக் கேள்வி எங்கெங்கோ வந்து நின்றது. பல் விளக்கும்போது, மெஸ்ஸில் தட்டோடு நிற்கும்போது. வம்பு பண்ணானா? வம்பு பண்ணானா?

இனி நடந்ததுதான் என் வீர வரலாறு. கடந்த புதன்கிழமை காலை அக்கா போன் செய்தார்கள். "தம்பி, வலி வந்து ஆஸ்பத்திரியில சேத்திருக்காக. அவன் நிப்பேன்னு சொன்னான். நீ வாரியா?" வகுப்புக்கு மட்டம் போட்டு, யூனிபார்மோடு திருமங்கலம் பஸ் ஏறினேன். பைக்குள் சாக்ஸ். சின்ன ஆஸ்பத்திரி, தனி அறை. நான் போனபோது ஆண் குழந்தை பிறந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. பால் கொடுக்கச் சொல்லிவிட்டு நர்ஸ் அக்கா அடுத்த பிரசவத்துக்குப் போயிருந்தார்கள். மாமா மருந்து வாங்கப் போயிருந்தார். குழந்தை உன் அம்மா கையில் இருந்தது. மேசையில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் சீனித் தண்ணீர்.

நான் விடவில்லை. சாக்ஸை எடுத்துப் பேசினேன். பிறந்த பிள்ளை வயிறு கோலிக்குண்டு அளவுதான், அதற்குச் சீம்பால் சொட்டுச் சொட்டாகப் போதும் என்றேன். அந்த மஞ்சள் சீழ் இல்லை, நோய் தடுக்கிற மருந்து என்றேன். உங்கள் வீட்டுக் கன்றுக்கு என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டேன். அரை மணி நேரத்தில் சீனித் தண்ணீர் டம்ளர் தொடாமலே வாஷ்பேசினுக்குப் போனது. உன் அக்கா பிள்ளை முதலில் குடித்தது தாய்ப்பால். நீ நின்றிருக்க வேண்டிய இடத்தில் நான் நின்றேன். உன்னைவிட நன்றாகவே பேசினேன் என்றுகூடச் சொல்லிக்கொள்வேன். கல்லூரியில் எல்லோருக்கும் இதை இப்படித்தான் சொல்லியிருக்கிறேன். மேடம் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள்.

இங்கே முடித்துவிடலாம். இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டது. ஆனால் நேற்று வருகைப் பதிவில் அந்த ஒரு மூச்சு நேரத்தில் நீ "எஸ் மேடம்" சொல்லவில்லை. "ப்ச்" என்றாய்.

சரி, சொல்கிறேன்.

நான் பேசியதெல்லாம் உண்மைதான், மாப்ள. ஆனால் ஒன்றும் பலிக்கவில்லை. பேசப் பேச மோசமானது. சாக்ஸைப் பார்த்ததும் உன் அம்மா அதைக் கையில் வாங்கி, அந்தக் காப்பிக் கலர் வட்டத்தைத் தடவினார்கள். "இது எம் பழைய ரவிக்கத் துணில. என்னத்துக்குடான்னேன். படிப்புக்கும்மான்னான்." பிறகு நான் கன்றுக்குட்டியைப் பற்றிக் கேட்டதும் அழுதுவிட்டார்கள். "அவனும் இதையேதான் சொன்னான். அப்படியே அவன் பேச்சு. அதாஞ்சாமி சொல்றேன், நீயே சேனை வையி. அவன் வைக்க வேண்டியது. பொய் புரட்டு தெரியாத புள்ள. அந்தக் குணம் இவனுக்கு வரணும்ல. அவன் கூடவே திரிஞ்சவன், நீ வச்சா அவன் வச்ச மாதிரி."

டம்ளர் என் கைக்கு வந்துவிட்டது. உன்னை மாதிரி எவ்வளவு பேசுகிறேனோ அவ்வளவுக்கு நான்தான் பொருத்தமான ஆள் ஆகிக்கொண்டிருந்தேன். அக்கா கட்டிலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டுதானே என்று தோன்றியது. அதைவிடக் கேவலமான ஒன்றும் தோன்றியது. நான் தொட்டு வைத்தால், உன் குணத்தோடு ஒருத்தன் நிஜமாகவே திரும்பி வந்துவிடுவானோ என்று. இத்தனை படித்தும், அந்த நிமிஷம் நான் அதை நம்பினேன். விரலை டம்ளருக்குள் விட்டுவிட்டேன்.

அப்போதுதான் பயம் வந்தது. வரப்போவது உன் குணம் இல்லையே.

"அம்மா, அவனுக்கு ஏன் அந்தப் பேருன்னு கேட்டீங்கல்ல" என்றேன். "பரீட்சையில தப்பா எழுதுனது நான். அந்தப் பேப்பர் என்னோடது. எல்லாரும் சிரிச்சாய்ங்க, நாந்தான்னு சொல்லப் பயந்து உக்காந்திருந்தேன். அவன் எந்திரிச்சுப் போயி வாங்கிட்டு வந்தான். நான் அந்தப் பேர அவனுக்கே வச்சேன். போஸ்டர்லயும் போட்டேன். அவன் ஒரு வம்பும் பண்ணலம்மா. என் கையால வச்சா உங்க பேரன் பொய் சொல்லுவான்."

அவர்கள் திட்டவில்லை. "அவன் ஏன் எந்திரிச்சான்?" என்று மட்டும் கேட்டார்கள்.

அதையும் சொன்னேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் நான் உன்னைக் கேட்டிருந்தேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "உன் மூஞ்சி வெளுத்துப்போச்சு மாப்ள. எனக்குத் தமிழ் மீடியம்னு சிரிக்கிறது பழகிருச்சு. உனக்குப் பழக்கமில்ல."

உன் அம்மா டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். "அப்ப நீ வேணாம்" என்றார்கள். சாதாரணமாகத்தான் சொன்னார்கள், கடையில் பழம் பார்த்து வேண்டாம் என்கிற மாதிரி. பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். வேறு யாரும் இல்லை. அக்கா கையை நீட்டி, "எங்கிட்ட கொண்டாங்கம்மா" என்றார்கள்.

"ஆமா, பெத்தவளே வைக்கட்டும்" என்றார்கள் உன் அம்மா. "அவளும் பொய் சொல்லத் தெரியாதவதான்."

அக்கா டம்ளரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "எம் பாலே சேனையா இருக்கட்டும்மா" என்று பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். என் பேச்சால் ஒன்றும் நடக்கவில்லை. நான் லாயக்கில்லாத ஆள் என்று தெரிந்ததால் பிள்ளைக்குச் சீம்பால் கிடைத்தது. "அந்தப் பக்கம் திரும்பிக்க" என்றார்கள், திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கேட்டது. மெல்ல, 'க்க', 'க்க' என்று. நீ அங்கன்வாடியில் செய்து காட்டிய அதே சத்தம். சுவரைப் பார்த்துக்கொண்டே அழுதேன். பெயிண்ட் உரிந்திருக்கிறது என்று பார்ப்பதுபோல நடித்தேன்.

சாக்ஸை உன் அம்மா வைத்துக்கொண்டார்கள். எனவே என் வலது கால் சாக்ஸ் மீண்டும் காணவில்லை என்பதையும் இதன்மூலம் அறிவிக்கிறேன். பிளக்ஸ் வெயிலில் வெளுத்துவிட்டது. உன் முகம் கிட்டத்தட்ட இல்லை. அடைப்புக்குறிக்குள் இருப்பது மட்டும் கெட்டியாக நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிளேடோடு போய் அதைச் சுரண்டப் போகிறேன். இந்த மலரைப் படிக்கிற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். நாளையிலிருந்து அந்தப் பெயரை அதற்கு உரியவனுக்கே வையுங்கள். சிரியுங்கள், பழகிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொழுப்பு
நம்பர் 28